மின் சைக்கிள் ஓடவில்லையா? பழுதை வரிசையாகத் தேடுவோம்

நமது பகுதியில் பழைய சைக்கிளில் மோட்டார் கிட் பொருத்தி ஓட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கும், காலையில் சரக்கு எடுத்துப் போகும் சிறு வியாபாரிகளுக்கும் பெட்ரோல் செலவு மிச்சமாகிறது. ஆனால் ஒருநாள் வண்டி நின்றுவிட்டால், காரணம் தெரியாமலே கன்ட்ரோலரை மாற்றுகிறார்கள். அதிலும் ஓடாவிட்டால் மோட்டாரை மாற்றுகிறார்கள். கடைசியில் பார்த்தால் பழுது ஒரு தளர்ந்த கனெக்டரில் இருக்கும். இந்த வீண் செலவைத் தவிர்க்கவே இந்தப் பாடம்.

கிட்களில் பரவலாக உள்ள 36 வோல்ட் லித்தியம் பேட்டரி, 250 வாட் ஹப் மோட்டார் ஆகியவற்றை வைத்தே இங்கு விளக்குகிறோம். தேவையான கருவி ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் மட்டுமே.

தொடங்கும் முன்: மோட்டார் உள்ள சக்கரம் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்துங்கள். சிறு பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். எந்த ஒயரைக் கழற்றுவதாக இருந்தாலும் முதலில் பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். கன்ட்ரோலருக்குள் உள்ள கெபாசிட்டர்களில் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும்.

1. பேட்டரி. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து பேட்டரியின் வெளியீட்டை அளக்கவும். 36 வோல்ட் பேட்டரியில் 10 செல் வரிசைகள் இருக்கும். முழு சார்ஜில் 42 வோல்ட் காட்டும். 30 வோல்ட்டை நெருங்கினால் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று பொருள். ஒன்றுமே காட்டாவிட்டால் பியூஸ் போயிருக்கலாம், அல்லது பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு அட்டையான பிஎம்எஸ் வெளியீட்டை நிறுத்தியிருக்கலாம். சார்ஜரைச் சற்று நேரம் செருகினால் பல பிஎம்எஸ்கள் மீண்டும் திறந்துகொள்ளும். ஆனால் அது எதற்காக நிறுத்தியது என்று தெரிந்துகொள்ளாமல் ஓட்டக்கூடாது. எங்கேனும் ஷார்ட் இருக்கலாம்.

2. பளு ஏறும்போது நிற்பது. வீட்டில் 40 வோல்ட் காட்டிய பேட்டரி, பாலம் ஏறும்போது மட்டும் நின்று, சிறிது நேரத்தில் தானாகவே உயிர் பெறுகிறதா? பளு ஏறும்போது வோல்ட் சட்டென்று விழுகிறது என்று அர்த்தம். செல் நலிந்திருக்கலாம். அதைவிட எளிய காரணம் கனெக்டர் தளர்வு. ஓட்டி நிறுத்திய உடன் பேட்டரி கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ, பிளாஸ்டிக் பழுப்பேறி இருந்தாலோ அதை மாற்றுங்கள். ஒயரை முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு இருந்தால் அதையும் முறையாக ஈயம் பற்றவைத்துச் சரிசெய்யுங்கள்.

3. பிரேக் சுவிட்ச். டிஸ்பிளே எரிகிறது, மோட்டார் சுற்றவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்த லிவருக்குள் ஒரு சுவிட்ச் இருக்கும். அது சிக்கிக்கொண்டால், பிரேக் பிடித்திருப்பதாகவே கன்ட்ரோலர் எண்ணும். இரண்டு லிவர் கனெக்டர்களையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். பெரும்பாலான கிட்களில், மோட்டார் அப்போது சுற்றினால் பழுது அங்கேதான். ஆனால் அப்படியே கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள். பிரேக் பிடிக்கும்போதும் மோட்டார் இழுத்துக்கொண்டிருந்தால் விபத்துதான்.

4. ஆக்சிலேட்டர். இதற்கு மூன்று ஒயர்கள். சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே ஏறக்குறைய 5 வோல்ட் இருக்க வேண்டும். மூன்றாவது ஒயருக்கும் கறுப்புக்கும் இடையே, திருகாதபோது 1 வோல்ட் அளவில் தொடங்கி, முழுதாகத் திருகும்போது 3.5 வோல்ட்டுக்கு மேல் சீராக ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஆக்சிலேட்டரை மட்டும் மாற்றினால் போதும். 5 வோல்ட்டே வரவில்லை என்றால், ஆக்சிலேட்டர், பெடல் சென்சார், மோட்டாரின் ஹால் சென்சார் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ, அதில்தான் ஷார்ட். எல்லாவற்றையும் கழற்றியும் திரும்பாவிட்டால் கன்ட்ரோலரைச் சந்தேகிக்கலாம்.

5. மோட்டார் ஒயர்கள். மோட்டார் உதறுகிறது, சத்தம் போடுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால் ஹால் சென்சாரையோ மூன்று தடித்த ஒயர்களையோ பார்க்க வேண்டும். மின்சாரம் இருக்கையில், ஆக்சிலேட்டரைத் தொடாமல் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். கியர் உள்ள ஹப் மோட்டார் என்றால் பின்பக்கமாகச் சுற்ற வேண்டும். மூன்று சென்சார் ஒயர்களும் 0, 5 வோல்ட் என்று மாறி மாறிக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் மாறாமல் நின்றால் அந்தச் சென்சாரோ ஒயரோ பழுது. வீட்டில் பொருத்திய வண்டிகளில், நட்டு தளர்ந்து அச்சு தானே சுழன்று, ஒயரை முறுக்கி அறுத்துவிடுவது வழக்கம். அச்சைப் பிடித்துக்கொள்ளும் டார்க் ஆர்ம் என்ற இரும்புத் துண்டைப் பொருத்தினால் இது நேராது.

6. கன்ட்ரோலர். பேட்டரியைக் கழற்றிய பின் சக்கரத்தை அதேபோலச் சுற்றுங்கள். கனமாக, விட்டு விட்டு இழுக்கிறதா? மூன்று தடித்த ஒயர்களையும் கன்ட்ரோலரிலிருந்து கழற்றி, ஒன்றோடொன்று படாமல் வைத்து மீண்டும் சுற்றுங்கள். இப்போது இலகுவாகச் சுற்றினால் கன்ட்ரோலர் எரிந்திருக்கிறது. இன்னும் இழுத்தால் மோட்டாருக்குள் அல்லது அதன் ஒயரில் ஷார்ட். இந்தச் சோதனைக்குப் பிறகே புதுக் கன்ட்ரோலர் வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பெற்றோர் கவனத்துக்கு: பிள்ளைகள் எதை வேண்டுமானாலும் கழற்றிக் கற்கட்டும், பேட்டரிப் பெட்டியை மட்டும் திறக்க விடாதீர்கள். பிஎம்எஸ்ஸைத் தவிர்த்து நேரடியாக ஒயர் இணைப்பது, பியூஸுக்குப் பதில் கம்பி சுற்றுவது, வேறு பேட்டரியின் சார்ஜரைப் போடுவது ஆகிய மூன்றும் தீயை வீட்டுக்குள் அழைப்பதாகும். உப்பிய, நசுங்கிய, நனைந்த பேட்டரியைச் சார்ஜ் செய்யவே கூடாது. எல்லோரும் உறங்கும்போதும், வெளியேறும் வாசலை அடைத்தும் சார்ஜ் போடாதீர்கள். பல வீடுகளில் மாடிப்படிக்கடியில்தான் வண்டி நிற்கிறது. அங்கே தீப்பிடித்தால் மாடியில் இருப்பவர்களுக்கு இறங்க வழி இருக்காது.

அறக்கட்டளை அலுவலகத்தில் ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்திருக்கிறோம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே வந்து இரவல் வாங்கிக்கொள்ளலாம். பயன்படுத்தத் தெரியாதவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறோம். இந்தப் பக்கத்தை வெட்டி, வண்டிக் கருவிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.