இவுளி

குதிரைக்கு நம் நிகண்டுகள் தரும் பெயர்கள் பல. அவற்றுள் பரியும் புரவியும் இன்றும் மேடைத் தமிழில் உலவுகின்றன. ‘இவுளி’ என்றால் தமிழ் பயின்றவரும் சற்றே தயங்குவர். ஆராயத் தக்க சொல் அதுவே.

புறநானூற்று 197ஆம் பாட்டில் இவுளி வருகிறது. காற்றுப்போல் விரையும் அவ்விலங்கு அங்கே தேரோடு சேர்த்துப் பேசப்படுகிறது. மன்னனைச் சூழ்ந்த எண்பேராயத்தை எண்ணிக் காட்டும் பழைய பட்டியலிலோ, யானை வீரருக்கு அடுத்து நிற்போர் ‘இவுளி மறவர்’, அதாவது குதிரை மேல் இருந்து பொரும் வீரர். ஆகவே ஏறிச் செல்லும் குதிரை என்ற பொருள் ஐயத்துக்கு இடமின்றித் தமிழில் உண்டு.

இனிப் பிறப்பைக் காண்போம். குதித்தலால் குதிரை என்று எளிதாகச் சொல்லிவிடுவதுபோல் இவுளிக்குச் சொல்ல முடியாது. கன்னடத்தில் குதுரெ, மலையாளத்தில் குதிர எனக் குதிரைக்குச் சுற்றம் பெரிது. வடமொழியில் வேதகாலச் சொல் அசுவம். கோடகம் பின்னர்த் தோன்றியது. அது திராவிடச் சொல்லிலிருந்து பிறந்திருக்கலாம் என்பது மொழிநூலார் பலர் கருத்து. அப்படியாயின், நம் விடுதியில் இந்தி நண்பர் ‘கோடா’ என்னும்போது நம் குதிரையின் உறவையே அழைக்கிறார்! (இதைச் சொல்லி அவரிடம் வாதுக்குப் போக வேண்டா; ‘இருக்கலாம்’ என்பதே இங்கு அளவு.)

இவுளிக்கோ அண்டை மொழிகளில் சுற்றமே இல்லை. பரோவும் எமனோவும் தொகுத்து 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதி அதற்கு ஒரே ஓர் உறவைக் காட்டுகிறது. அது பலுச்சிசுத்தானத்துப் பிராகுயி மொழியில் குதிரையைக் குறிக்கும் ‘ஹுல்லி’. ஹகரம் இன்றி ‘உல்லி’ என்பதும் உண்டு. கண், கல், வாய் ஆகியவற்றின் உறவுச் சொற்கள் இன்றும் வழங்கும் மொழி அது. தெற்கே ஏட்டில் மட்டும் எஞ்சிய சொல்லுக்கு, வடமேற்கு மலைநாட்டில் பேச்சு வழக்கிலேயே உறவு இருக்கிறது. இடையிலுள்ள திராவிட மொழிகளில் அதன் சுவடு இல்லை.

இங்கேதான் சிக்கல். பழக்கிய குதிரை இந்தியாவில் பரவியது கி.மு. இரண்டாம் ஆயிரம் ஆண்டுகளில் என்பதே பெரும்பாலோர் கொள்கை. மூலத் திராவிட மொழி அதற்கு முன்பே பிரியத் தொடங்கிவிட்டது என்பர். குதிரை வருமுன் குதிரைக்குப் பெயர் எப்படி வந்தது? சில அறிஞர் தரும் விடை இது: அச்சொல் முதலில் குறித்தது குதிரையை அன்று, காட்டுக் கழுதையை. மணல் நிறமும், முதுகு நெடுகக் கரிய கோடும், குத்திட்டு நிற்கும் பிடரி மயிரும் உடையது அவ்விலங்கு. இன்றும் கச்சின் சிறிய இரண் பாலையில் அது கூட்டமாய் ஓடுகிறது. பழக்குவதற்கு மிக அரியது. அதனினும் பெரியதாய், மனிதனுக்கு அடங்குவதாய்க் குதிரை வந்தபோது, பழைய பெயரே புதிய விலங்குக்குச் சென்றிருக்கும் என்பது அவர் கருத்து.

இக்கருத்து எனக்கு உகந்ததே. ஆனால் இரண்டு சொற்களை வைத்துப் பெரிய மாளிகை கட்டுவது தகாது. பிராகுயியர் அங்கேயே தொன்றுதொட்டு எஞ்சியவரா, பிற்காலத்தில் நடு இந்தியாவிலிருந்து பெயர்ந்தவரா என்ற வழக்கு அறிஞரிடையே தீரவில்லை. பின்னது மெய்யானால் இச்சொல் வாழ்ந்த இடமும் நடு நாட்டுக்கு இறங்கி வரும். இவ்விணையைச் சிந்துவெளி மக்கள் குதிரை ஏறியதற்குச் சான்றாகக் காட்டுவோர், காட்டுக் கழுதைக்கும் முதலில் விடை சொல்லியாக வேண்டும்.