மலைச்சரிவில் யந்திரத் தடங்களும் மண்ணரிப்பும்

மழைக்காலத்துப் புதுவெள்ளம் வருங்கால் சுசீந்திரத்துப் பழையாறு செந்நிறங் கொண்டு ஓடுதலை யாவரும் அறிவர். அந்நிறம் மலையிலிருந்து வந்த மண்ணின் நிறம். மண் எக்காலத்தும் கரைந்து வருவதே. முற்றிலும் தடுத்தல் இயலாது. ஆயினும் மலைச்சரிவுகளில் யந்திரங்கள் ஏறி இறங்கத் தொடங்கிய பின்னர், அக்கரைவுக்கு ஒரு புதிய வழி திறந்திருக்கின்றது. அவ்வழி யாதென ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நம் வயல்களை நோக்குவோம். நாஞ்சில் நாட்டு வயல்களிற் கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் நெல் விளைகின்றது. சேற்றுழவின்போது டிராக்டர் இரும்புக் கூண்டுச் சக்கரம் பூட்டிக்கொண்டு நீர் நின்ற வயலிற் சுழல்கின்றது. அதனாற் சேற்றின் கீழே, ஏறத்தாழ ஒரு சாண் ஆழத்தில், மண் இறுகி ஒரு தளம்போல் ஆகின்றது. அத்தளமே நீரைக் கீழே இறங்கவிடாது தேக்கி நெல்லைக் காக்கின்றது. ஆகவே மண் இறுகுதல் வயலுக்கு நன்மையே. சக்கரம் மண்ணை நெருக்குவது ஒரு கேடென நம்மவர்க்கு எளிதிற் புலப்படாமைக்கு இவ்வயல் அனுபவமே காரணமென்று நாம் கருதுகின்றோம். வயலில் தோழனாயிருப்பது சரிவில் பகைவனாய் விடுகின்றது.

சரிந்த விளைநிலத்துக்கு வேண்டுவது நீர் மேலே தேங்குவதன்று. விழுந்த இடத்திலேயே உள்ளிறங்குவதாகும். நல்ல மண்ணின் கன அளவில் ஏறத்தாழப் பாதி வெற்றிடம். அதிலும் பெரிய துளைகள் வழியாகவே மழைநீர் விரைந்து இறங்கும். கனத்த சக்கரம் உருளுங்கால் முதலில் நசுங்குவன அப்பெரிய துளைகளே. பலமுறை ஓடினாலன்றிக் கேடில்லை என எண்ணுதல் தவறு. ஈர மண்ணிற் சக்கரம் முதன்முறை உருளும்போதே நெருக்கத்தின் பெரும்பகுதி நிகழ்ந்துவிடுகின்றது. மேல் மண்ணின் நெருக்கம் பெரும்பாலும் டயரிலுள்ள காற்றழுத்தத்தைப் பொறுத்தது. ஆழத்து மண்ணின் நெருக்கமோ அச்சின்மேல் வரும் மொத்தப் பாரத்தைப் பொறுத்தது. அகன்ற டயர் பூட்டினால் தீங்கே இல்லையென்பார் இவ்வேறுபாட்டை மறக்கின்றனர்.

காளையின் குளம்பும் மண்ணை நெருக்காதோ என்று ஒருவர் வினவலாம். நெருக்கும், சிறிய குளம்பின்மேல் பெரும்பாரம் தங்குவதால் ஓரங்குலத்திற்கு அது தரும் அழுத்தம் சக்கரத்தினதிற் குறைந்ததன்று. ஆனாற் குளம்புச் சுவடு ஒவ்வொன்றும் தனிக்குழி. அதிற் சிறிது நீர் நின்று வற்றும். சக்கரத்தின் சுவடோ மேலிருந்து கீழ்வரை இடையறாத ஒரு வாய்க்கால். மண்வெட்டியின்றி வெட்டப்பட்ட அவ்வாய்க்காலில் நீர் ஒன்றுகூடி வேகங்கொள்கின்றது. நீரின் வேகம் இரட்டித்தால் அது நகர்த்தவல்ல கல்லின் எடை 64 மடங்காகும் என்பது பழைய பௌதிக விதி. நூறு மீட்டர் நீளமும் முப்பது சென்டிமீட்டர் அகலமுமுள்ள இரு தடங்களை வெள்ளம் பத்து சென்டிமீட்டர் ஆழம் அரித்ததாக வைத்துக்கொண்டால், போன மண் 6 கனமீட்டர்; எடையில் ஏறத்தாழ 8 டன். இஃது ஒரு வண்டியின் இரு சக்கரங்கள் செய்யுங் கணக்கு.

மழையே பெய்யாவிடினும் சரிவில் உழுதல் மண்ணை இறக்கும். கலப்பை புரட்டிய கட்டி மேல்நோக்கிச் செல்வதினும் கீழ்நோக்கிச் செல்லுந் தொலைவு மிகுதி. ஆண்டுதோறும் உழுத மேட்டு நிலங்களின் தலைப்பகுதி வெளுத்து மெலிவதற்கு நீர் மாத்திரம் காரணமன்று.

இம்மாவட்டத்தில் இதற்குச் சிறந்த உதாரணம் ரப்பர்த் தோட்டங்களே. முதிர்ந்த ரப்பர்க் காடு தன் இலைச்சருகாலும் நிழலாலும் மண்ணைக் காப்பது. ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை மரங்களை வீழ்த்தி மறுநடவு செய்வர். அப்போது தடி ஏற்றும் லாரிகளும், வேர் பறித்துப் படிவெட்டும் மண் வாரும் யந்திரங்களும் ஒரே பருவத்தில் ஏறுகின்றன. கோடை மழையோ இடவப்பாதியோ அவற்றை முந்தினால், மூடாக்கற்ற சரிவும் புதிய தடங்களும் ஒருங்கே மழைக்கு இரையாகும். முதலிரண்டு ஆண்டுகளே அபாயமானவை. அதற்குள் புயரேரியா போன்ற மூடு கொடிகள் படர்ந்துவிட்டால் அபாயம் பெரிதுங் குறையும்.

அவ்வாறு இழிந்த மண்ணிற் பருமணல் ஆற்றில் தங்கும். நுண்மண் கால்வாய்களின் வழியே குளங்களிற் சென்று படியும். குளத்தின் கொள்ளளவு குறையின் கும்பப்பூவின் கடைசி நனைப்புகளுக்கு நீர் எட்டாது. சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022-ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. பறவைகளைப் பொருட்டு அக்குளங்களைப் போற்றுவோர் மலையிலுள்ள லாரித் தடத்தையும் நினைத்தல் வேண்டும்.

பரிகாரமாக யாவரும் கூறுவது, சரிவுக்குக் குறுக்கே, சம உயரக்கோட்டின் வழியே உழுக என்பது. அமெரிக்க மண் ஆராய்ச்சியாளர் விஷ்மையர், ஸ்மித் என்போர் 1978-இல் வெளியிட்ட கணக்கின்படி, நூற்றுக்கு 3 முதல் 8 வரையுள்ள சரிவில் அம்முறை மண்ணிழப்பைப் பாதியாக்கும். 21 முதல் 25 வரையுள்ள சரிவிலோ பத்தில் ஒரு பங்கே குறைக்கும். மேலும், செங்குத்தான சரிவிற் குறுக்கே ஓடும் டிராக்டர் பக்கவாட்டிற் கவிழும். ஓட்டுநர் உயிருக்கஞ்சி மேலுங் கீழுமாய் ஓட்டுதலை அறியாமையென இகழ்தல் தகாது. அத்தகைய இடங்களில் யந்திரத்தை ஏற்றாது கைவேலை செய்வதோ, முன்னரே படிவெட்டிப் படியின் உட்புறம் சற்றே தாழ அமைப்பதோ உரியது.

யந்திரம் ஏறியே தீரவேண்டுமாயின், ஒவ்வொரு முறையும் ஒரே தடத்திற் செல்க. மழை பெய்த ஈரம் உலர்ந்த பின் செல்க. இறுதி வண்டி இறங்கிய அன்றே, அடுத்த மழைக்கு முன், தடத்தின் குறுக்கே பத்தடிக்கு ஒன்றாக முழங்காலளவு மண்ணணை இட்டு, நீரைப் பக்கத்துப் புல்லிலோ சருகிலோ திருப்பிவிடுதல் வேண்டும்.