பசை தாங்குமா?

கம்போங் மேடானில் எங்கள் அடுக்குமாடியின் படிக்கட்டு உத்தரத்தில் விரிசல் கண்டபோது, அடியில் எஃகுத் தகடு ஒன்றை எப்பாக்சி பசையால் ஒட்டினார்கள். "பசைதானே, தாங்குமா?" என்றார் அம்மா. கட்டடப் பொறியியல் படிக்க வந்த பிறகே எனக்கு விடை தெரிந்தது, அதுவும் பாதிதான்.

சோதனை எளியது. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு வில்லையைக் கான்கிரீட்டில் ஒட்டி, பசை இறுகியதும் நேராக இழுக்க வேண்டும். 4 கிலோநியூட்டனில் பிய்ந்தால், வில்லையின் பரப்பான 1963 சதுர மில்லிமீட்டரால் வகுக்கிறோம்: சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 2 நியூட்டன். எண்ணைவிட, பிய்ந்த இடமே முக்கியம் என்பேன். கான்கிரீட் துண்டும் சேர்ந்து வந்தால் பசை வென்றது. என் முதல் வில்லையோ பசையை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாகக் கழன்றது. துருவைத் தேய்க்காமல் ஒட்டியிருந்தேன்!

ஆனால் இழுப்பது சில நிமிடம். சுமையோ ஆண்டுக்கணக்கில் தொங்குகிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலையில், மேற்கூரைக் கான்கிரீட் பலகைகளை எப்பாக்சியில் பதித்த எஃகு போல்ட்டுகள் தாங்கின. இழுவைச் சோதனையில் தேறியவைதாம். 2006 ஜூலை 10 இரவு பலகைகள் விழுந்து, காரில் சென்ற பெண் ஒருவர் இறந்தார். விரைவில் இறுகும் அந்தப் பசை நீடித்த சுமையில் மெல்ல நெகிழும் என்று விசாரணை கண்டது. அதே திட்டத்தின் வேறொரு சுரங்கத்தில், 1999இலேயே சில போல்ட்டுகள் இறங்கியிருந்தன.

வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தத் தகட்டைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கிறேன். பசை விட்ட இடம் பொள்ளென்று ஒலிக்கும். இதுவரை ஒலிக்கவில்லை.