செங்கமாரியும் வெறும் குளிசையும்

சுன்னாகத்துச் செம்மண்ணில் வெங்காயம் செய்தவர்களுக்கு இந்தப் பாடம் பாதி தெரிந்ததே. புதுப் பசளை ஒன்றைச் சோதிக்கத் தோட்டம் முழுவதற்கும் போடமாட்டோம். நாலு பாத்திக்குப் போட்டு, நாலு பாத்தியைப் போடாமல் விட்டு, இரண்டுக்கும் ஒரேயளவு தண்ணீர் இறைத்து, கிண்டும்போது நிறுத்துப் பார்ப்போம். போடாத பாத்தி இல்லையென்றால் விளைச்சல் பசளையாலா மழையாலா என்று சொல்லமுடியாது.

மருந்துப் பரிசோதனையும் இப்படித்தான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. வெங்காயத்துக்கு நம்பிக்கை இல்லை; மனிதருக்கு உண்டு. மருந்து எடுத்தேன் என்ற எண்ணமே நோவைத் தணிக்கும், பசியை எழுப்பும். அதனால் நோவு பொய்யென்று ஆகாது. ஆகவே ஒரு பகுதியினரைச் சும்மா விட்டால் போதாது. அவர்களுக்கும் அதே நிறம், அதே அளவில் மருந்தில்லாத குளிசை கொடுக்கவேண்டும். யாருக்கு எது என்பதைச் சீட்டுப்போட்டுத் தீர்க்கவேண்டும். நோயாளிக்கும் தெரியக்கூடாது, வைத்தியருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் அவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

கீழ்க்காய்நெல்லியை எடுப்போம். செங்கமாரிக்கு அதை அரைத்து மோரில் குடித்தவர்கள் நம்மிடையே பலர். ஆனால் தண்ணீரால் தொற்றும் செங்கமாரி பெரும்பாலும் சில கிழமைகளில் தானாகவே மாறும். எனவே ‘குடித்தேன், சுகமானது’ என்பது சாட்சியாகாது. சென்னையில் தியாகராஜன் குழுவினர், ‘பி’ வகை ஈரல் அழற்சிக் கிருமியை நெடுநாள் உடலில் சுமப்பவர்களுக்கு இம்மூலிகைத் தூளை 30 நாள் கொடுத்தார்கள். அக்கிருமியைக் கண்டறிந்து 1976 இல் நோபல் பரிசு பெற்ற புளும்பேர்க்கும் அதில் சேர்ந்திருந்தார். 1988 இல் வந்த முடிவு இது: மருந்தெடுத்த 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது, வெறும் குளிசை எடுத்த 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. ‘சுகமா?’ என்று கேட்பதோடு நில்லாமல் இரத்தத்தைச் சோதித்தது கெட்டித்தனம். நம்பிக்கை அதை இலகுவில் மாற்றாது.

பின்னர் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அறுபது பேர் சிறிய தொகைதான். ஒரு போகத்தை வைத்து நாமும் விதையைத் தீர்மானிப்பதில்லையே.

முகாமிலோ உறவினர் வளவிலோ இருக்கும் உங்களிடம் யாராவது இப்படியொரு சோதனைக்குச் சேரக் கேட்டால், தயங்காமல் கேளுங்கள்: எனக்கு வெறும் குளிசை விழலாமா? நோய் முற்றினால் என்ன செய்வீர்கள்? இடையில் விலகலாமா? கடும் நோயொன்றுக்குப் பலன் நிரூபணமான மருந்து ஏற்கெனவே இருந்தால், மற்றப் பகுதியினருக்கு அதையே கொடுத்து ஒப்பிடுவதுதான் முறை.

கர்ப்பிணிக்குச் செங்கமாரி கண்டாலோ, நோயாளி பிதற்றினாலோ, மூலிகை அரைத்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.