வாப்பாவின் பைலில் இரண்டு ‘முறை’கள்

தோஹாவிலுள்ள என் தம்பி சென்ற வருடம் ஒரு சுபஹுக்குப் பிறகு போன் எடுத்தான். “காக்கா, வாப்பாட ஹோட்டல் பில் வந்திருக்கு. கட்டாட்டி நம்மட தலைல விழுமாம்” என்றான். வாப்பாவுக்கு எண்பத்து நாலு வயது. கல்முனையைத் தாண்டி அவர் பயணம் போய்ப் பல காலம். அவருக்கு என்ன ஹோட்டல் பில் என்று நான் கேட்டேன். அப்போதுதான் கதை வெளியில் வந்தது.

2012 இல் வாப்பாவும் உம்மாவும் தம்பியைப் பார்க்கப் போனபோது, அங்குள்ள ஒரு வணிக வளாகத்தில் சீட்டு நிரப்பி, பரிசு விழுந்ததென்று அழைத்து, நாலு மணித்தியாலம் உட்கார வைத்துக் கையொப்பம் வாங்கியிருக்கிறார்கள். விடுமுறை விடுதியொன்றில் ஆண்டுக்கு ஒரு கிழமை தங்கும் உரிமை. ஆங்கிலத்தில் டைம்ஷேர் என்பார்கள். முப்பது வருடம் கடையில் ஒரு சாக்குச் சீனிக்குக்கூட விலை பேசாமல் பணம் கொடுக்காத மனுஷன், குளிரூட்டிய அறையில் ஒரு கோப்பை ஜூஸுக்கு விழுந்துவிட்டார். வியாபாரிகளாகிய நாம் விற்கும் இடத்தில் உஷார், வாங்கும் இடத்தில் குழந்தைகள்.

பைலை எடுத்து வாசித்தேன். கையொப்பமிடும்போது வாப்பாவுக்கு 71 வயது. ஒப்பந்தம் முடியும் ஆண்டு 2046. அப்போது அவருக்கு 105 வயதாகும். முதலில் கொடுத்த பெருந்தொகை ஒரு பக்கம். ஆண்டுதோறும் ‘பராமரிப்புக் கட்டணம்’ என்று வேறு உண்டு. 2012 இல் அது 350 டொலர். டொலர் 130 ரூபா அளவில் நின்ற காலம், ஆகவே சுமார் 45,500 ரூபா. 2022 இல் கட்டணம் 610 டொலராகியிருந்தது. அந்த வருடம் நமது ரூபா விழுந்து டொலர் 360 ஐத் தொட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கணக்குப் பார்த்தால் 219,600 ரூபா. இத்தனை வருடத்தில் அவர்கள் போய்த் தங்கியது 2014 இல் ஒரே ஒரு தடவை.

இந்த வியாபாரம் புதிதல்ல. 1963 இல் சுவிட்சர்லாந்தில் ஹாபிமாக் என்ற நிறுவனம் தொடங்கிய முறை இது. இந்தியாவில் 1996 இல் ஆரம்பித்த மஹிந்திரா ஹாலிடேஸ் 25 வருட அங்கத்துவம் விற்று வளர்ந்தது. முறையாக நடத்துபவர்களும், குடும்பத்தோடு வருடா வருடம் போய்ப் பயன் பெறுபவர்களும் இருக்கிறார்கள். முடிவில்லாமல் எழுதப்படும் ஒப்பந்தங்கள்தான் பல நாடுகளில் தலையிடியானது. ஸ்பெயின் தனது 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஐம்பது வருடத்துக்கு மேல் போகக்கூடாது என்று எல்லை வைத்தது. அதை மீறிக் கால வரையறை இல்லாமல் எழுதியவை செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015 இல் தீர்த்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008 ஆம் ஆண்டுப் பணிப்புரைப்படி, கையொப்பமிட்டு 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். அந்த நாட்களுக்குள் முற்பணம் வாங்கவும் கூடாது. வாப்பா கையொப்பமிட்டது ஐரோப்பாவிலல்ல. நாங்கள் பைலைத் திறந்ததும் பதினாலாம் நாளிலல்ல, பதின்மூன்றாம் வருடத்தில்.

இனி தம்பியின் பயத்துக்கு வருவோம். வாப்பா மௌத்தானால் இந்த பில் பிள்ளைகளின் தலையில் விழுமா? எனக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் பைலைக் கொடுத்தேன். ஒப்பந்தத்தில் ‘அங்கத்தவரும் அவரது வாரிசுகளும்’ என்று இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். மௌத்தானவரின் கடன் அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்துதான் கட்டப்பட வேண்டும், கையொப்பமிடாத பிள்ளையின் சொந்தப் பணத்திலிருந்து அல்ல என்றார். நமது பராயில் முறையும் அதுவே. ஜனாஸாச் செலவு, பிறகு கடன், பிறகு மூன்றிலொன்றுக்கு மேற்படாத வசிய்யத், அதன் பிறகுதான் வாரிசுப் பங்கு. ஆனாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. கடன் நிலுவையில் இருந்தால் அது முதலில் சொத்தைத்தான் தின்னும். உம்மாவின் பங்கும் தங்கச்சிமாரின் பங்கும் அதற்குப் பிறகுதான்.

அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. ‘இரண்டாவது அங்கத்தவர்’ என்ற இடத்தில் தம்பியின் பெயரும் கையொப்பமும் இருந்தன. வாப்பாவுக்கு ஆங்கிலம் வராதென்று ‘சாட்சிக்கு’ போடச் சொன்னார்களாம். அவன் வாரிசு என்பதால் அல்ல, தானே ஒப்பந்தக்காரன் என்பதால் மாட்டியிருந்தான். வாப்பா உம்மாவின் ஒப்பந்தங்களில் உதவிக்கென்று பெயர் போடும் பிள்ளைகள் இந்த இடத்தை இரண்டு தடவை வாசியுங்கள். சாட்சி வேறு, பங்காளி வேறு. நிறுவனம் “பெயரை மாற்றித் தருகிறோம், பிள்ளைகள் எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொன்னால் அது அன்பளிப்பல்ல. சுமையை அடுத்த தலைமுறைக்கு ஏற்றுவது.

இதற்கிடையில் தம்பிக்கு இன்னொரு அழைப்பு வந்தது. உங்கள் கிழமையை வாங்க ஆள் இருக்கிறது, பத்திரச் செலவுக்கு 1,500 டொலர் முன்பணம் அனுப்புங்கள் என்று. ஒருமுறை ஏமாந்தவரின் பெயர்ப் பட்டியல் இன்னொருவருக்கு முதல் என்பதை நினைவில் வையுங்கள். அனுப்பாதே என்று சொல்லிவிட்டேன்.

வாப்பாவுக்கு நினைவு சில நாள் தெளிவாகவும் சில நாள் மங்கலாகவும் இருக்கும். தெளிவான ஒரு காலையில், வைத்தியரின் கடிதத்தோடு, உரிமையைத் திருப்பி ஒப்படைக்கிறோம், ஒரு சதமும் திரும்பக் கேட்கவில்லை என்று வாப்பாவும் தம்பியும் கையொப்பமிட்டு எழுதினோம். நிலுவையைக் கட்டினோம். ஏழு மாதம் இழுத்தார்கள். இறுதியில் இருவரையும் விடுவித்ததாக எழுத்தில் வந்தது. அந்தக் கடிதம்தான் இப்போது பைலின் முதல் தாள். போட்ட பணம் போனது போனதுதான்.

அந்த பைலைத் துருவும்போதுதான் அடியில் கிடந்த வயலின் கதையும் கிளம்பியது. உண்மையில் எங்களுக்குப் பெரிய டைம்ஷேர் அதுதான்.

வாப்பாவின் வாப்பா விட்டுச் சென்றது சம்மாந்துறைப் பக்கம் ஆறு ஏக்கர் வயல். வாரிசுகள் நாலு ஆண் பிள்ளைகள், ஆளுக்கு நாலிலொன்று. ஒரே வாய்க்கால், ஒரே களம் என்பதால் துண்டு போடாமல், வருடத்துக்கு ஒருவர் என்று முறை மாறிச் செய்தார்கள். சிங்களப் பகுதிகளில் இதைத் ‘தட்டுமாறு’ என்பார்கள். பேராசிரியர் கணநாத் ஒபேசேகர 1967 இல் வெளியிட்ட நூலில் தென்பகுதிக் கிராமம் ஒன்றின் தட்டுமாறு முறையை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நாலு சகோதரர்கள் உயிரோடிருக்கும் வரை இது அழகான ஏற்பாடு. அடுத்த தலைமுறையில்தான் கணக்கு உடையும்.

எங்கள் வீட்டையே எடுங்கள். நாளை வாப்பாவுக்குப் பின் உம்மா இருந்தால் அவருக்கு எட்டிலொன்று. மிச்சம் எட்டில் ஏழு. ஆண் இருவர், பெண் மூவர். ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்றால் ஏழு பங்கு. ஆகவே எனக்கும் தம்பிக்கும் எட்டில் இரண்டு வீதம், தங்கச்சிமாருக்கு எட்டிலொன்று வீதம். முழு வயலில் வாப்பாவின் பங்கே நாலிலொன்று என்பதால், என் பங்கு பதினாறிலொன்று, தங்கச்சியின் பங்கு முப்பத்திரண்டிலொன்று. முறைப்படி நடந்தால் அவளுக்கு வயல் வருவது 32 வருடத்துக்கு ஒரு தடவை! கடைசித் தங்கச்சிக்கு இப்போது வயது 46. “எனக்கு முறை வரக்கொள்ள நான் மையவாடியில கிடப்பன் காக்கா” என்றாள். அவள் சொன்னது பகிடியாக இருந்தாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதைப் பேசும்போது ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். வாப்பா உயிரோடிருக்கும் வரை எங்களுக்குப் பங்கே இல்லை. அது அவருடைய சொத்து. அவர் விரும்பி, தெளிவான புத்தியோடு நன்கொடை உறுதி எழுதினால் அது வேறு. 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமின்றிய உரிமைக் கட்டளைச் சட்டப்படி, திருப்பி எடுக்க முடியாதது என்று உறுதியில் எழுதாவிட்டால் நன்கொடையைத் திருப்பி எடுக்கலாம். உறுதியை வாங்கியவரின் கையில் ஒப்படைப்பது சொத்தை ஒப்படைத்ததற்குச் சான்றாகும். வாப்பா மங்கலாயிருக்கும் நாளில் கையைப் பிடித்துப் போட வைக்கும் கையொப்பம் பின்னால் நீதிமன்றத்தில்தான் நிற்கும். முற்றிலும் விளங்காத நிலை வந்துவிட்டால், சொத்தைப் பார்க்க ஒருவரை நியமிக்கும்படி மாவட்ட நீதிமன்றத்தைக் கேட்கலாம். அட்டோர்னித் தத்துவத்தை நம்பி இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: கொடுத்தவர் மௌத்தானதும் அதுவும் முடிந்துவிடும்.

அடுத்த சிக்கல் சாச்சாவின் மக்கள். தொண்ணூறுக்குப் பின் மற்றவர்கள் வயலுக்குப் போகப் பயந்த காலத்தில் அவர்கள்தான் துணிந்து செய்தார்கள். அதன் பிறகு முறை திரும்பவே இல்லை. “பத்து வருஷத்துக்கு மேல நாங்கதானே செய்யிறம், இனி எங்கட” என்று மூத்தவர் ஒரு கல்யாண வீட்டில் சொல்லிவிட்டார். பத்து வருட ஆட்சி என்பது 1871 ஆம் ஆண்டுக் காலவிதிப்புச் சட்டத்தில் உள்ளதுதான். ஆனால் பங்காளிக்கு அது அப்படியே பொருந்தாது. ஒரு பங்காளியின் ஆட்சி மற்றப் பங்காளிகளுக்காகவும் நடக்கும் ஆட்சியே, மனதுக்குள் எண்ணியதால் மட்டும் அது மாறாது என்று கொரேயா எதிர் இசெரிஸ் அப்புஹாமி வழக்கில் பிரிவுக் கவுன்சில் 1911 இல் தீர்த்தது. அதற்காக நூறு வருடம் சும்மா இருக்கலாம் என்று எண்ண வேண்டாம். மிக நீண்ட காலம் ஒருவரே முழு உரிமைக்காரர் போல் நடந்து, மற்றவர்கள் வாய் திறக்காமல் இருந்தால், விலக்கி வைத்ததாகவே நீதிமன்றம் ஊகிக்க இடமுண்டு என்று 1918 இன் திலகரத்ன எதிர் பஸ்தியன் தீர்ப்பு சொல்கிறது.

வழக்குப் போடவா என்று மச்சான் கேட்டார். 1977 ஆம் ஆண்டின் பிரிவிடல் சட்டத்தின் கீழ் போடலாம். தகப்பன் போட்ட வழக்கில் மகன் சாட்சி சொல்லும் ஊர் இது. நான் பிஸ்கட் பெட்டியோடு சாச்சாவின் வீட்டுக்குப் போனேன். அவர்கள் பயத்தோடு வயலைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினேன். அது முகஸ்துதியல்ல, உண்மை.

மூன்று தடவை போன பிறகு ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். முறை மாறுவதை விடுவது. சாச்சாவின் மகனே தொடர்ந்து செய்வது. பெரும்போகமும் சிறுபோகமும் முடிய, செலவு போக வரும் நெல்லை உறுதிப் பங்குப்படி எல்லோருக்கும் பணமாகக் கொடுப்பது. முப்பத்திரண்டிலொன்று சிறிய தொகைதான், ஆனால் வருடத்துக்கு இரண்டு தடவை வரும். இவ்வளவு பங்கு இன்னாருக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டு அவர் கையொப்பமிடும் கடதாசியே எனக்கு நெல்லைவிடப் பெறுமதியானது. கமநல சேவை நிலையப் பதிவில் அவர் பெயர் இருப்பதைப் பற்றி மச்சான் முணுமுணுத்தார். அந்தப் பதிவு செய்பவரைக் காட்டும் சான்று, உரித்து உறுதி அல்ல. இருந்தாலும் பங்காளிகளின் பெயரும் பதிவாகும்படி கேட்டிருக்கிறோம்.

மூல உறுதி 2004 டிசம்பர் 26 இல் சாய்ந்தமருது வீட்டோடு கடலுக்குப் போய்விட்டது. அதற்காக யாரும் தளர வேண்டாம். நொத்தாரிஸ் எழுதும் உறுதியின் இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். கல்முனைப் பதிவகத்தில் இலக்கத்தையும் திகதியையும் கொடுத்து உறுதிப்படுத்திய பிரதி எடுத்தோம். இலக்கம் தெரியாதவர்கள் பக்கத்து வயற்காரரின் உறுதியில் எல்லை விபரம் பாருங்கள். எங்களுக்கு வழி கிடைத்ததும் அங்கிருந்துதான்.

பெரியப்பாவின் மகன்களில் கொழும்பிலிருப்பவர் மட்டும் இன்னும் கையொப்பமிடவில்லை. பெருநாளைக்கு வருகிறேன் என்றிருக்கிறார். நொத்தாரிஸிடம் வாப்பாவை அழைத்துப் போவதற்கு ஒரு காலை நேரம் கேட்டு வைத்திருக்கிறேன். நேற்று அவரிடம் சொன்னேன், “வாப்பா, வயல் அலுவலா ஒரு இடத்துக்குப் போவம்” என்று. தெளிவாகத்தான் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அது சரி மகன், அந்த ஹோட்டலுக்கு எப்ப போற?” என்று கேட்டார்.