பூட் ஆகாத லினக்ஸுக்கு ஃபார்மட்தான் மருந்தா?

நெய்வேலி டவுன்ஷிப்பிலும் மந்தாரக்குப்பத்திலும் அரசு கொடுத்த இலவச மடிக்கணினியை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் உண்டு. 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. நெடுநாள் கழித்து ஆன் செய்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி, ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற சொல்லோடு நின்றுவிடும். பார்த்தவர் உடனே சொல்வது: “ஃபார்மட் போட்டாத்தான் சரியாகும்.”

இந்த நம்பிக்கையைத்தான் முதலில் உடைக்க வேண்டும். கோப்பு முறைமையின் கணக்கு எங்கோ உதைக்கிறது என்று கண்டதும், இதற்கு மேல் எழுதினால் இருப்பதும் கெட்டுவிடும் என்று லினக்ஸ் தானாக நின்றிருக்கும். பெரும்பாலும் உங்கள் படங்களும் ப்ராஜெக்டும் வட்டில் அப்படியே இருக்கும். ஃபார்மட் செய்தால்தான் அவற்றுக்கு உண்மையான ஆபத்து.

அடுத்தது, “கரன்ட் திடீர்னு போனா லினக்ஸ் காலி” என்ற பயம். 1993இல் வந்த எக்ஸ்ட்2 கோப்பு முறைமையின் காலத்தில் இதில் நியாயம் இருந்தது; மின்சாரம் போனால் மறுமுறை வட்டு முழுவதையும் சோதித்தாக வேண்டும். 2001 நவம்பரில் கெர்னலில் சேர்ந்த எக்ஸ்ட்3, ஜர்னல் என்ற பதிவேட்டைக் கொண்டுவந்தது. 2008 டிசம்பரில் நிலைபெற்ற எக்ஸ்ட்4இலும் அதுவே தொடர்கிறது. அனல்மின் நிலையத்தில் ஒரு ஷிப்டில் நடந்ததை லாக் புத்தகத்தில் எழுதிவைக்க, அடுத்த ஷிப்டுக்கு வருபவர் படித்துவிட்டு வேலையைத் தொடர்வதைப் போன்றது இது. செய்யப்போகும் மாற்றத்தை லினக்ஸ் முதலில் ஜர்னலில் குறிக்கும். இடையில் மின்சாரம் போனால், மீண்டும் எழும்போது அதைப் படித்துச் சரிசெய்துகொள்ளும். கடைசிச் சில நொடிகளில் எழுதியது போகலாம், கட்டமைப்பு பொதுவாகத் தப்பும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டு, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தபோதும் மின்வெட்டு மட்டுமே ஒரு எக்ஸ்ட்4 வட்டை அழித்திருக்க வாய்ப்பு குறைவு. ஜர்னல் இருந்தும் பிழை திரும்பத் திரும்ப வந்தால், முதல் சந்தேகம் வட்டின் மீது விழ வேண்டும்.

இங்கேதான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். “எஃப்எஸ்சிகே ஓட்டி, எல்லாத்துக்கும் எஸ் குடு” என்பது பரவலான அறிவுரை. எஃப்எஸ்சிகே கோப்பு முறைமையின் கணக்கைச் சரிபார்க்கும் கருவி. உங்கள் கோப்புகளைக் காப்பது அதன் முதல் வேலை அன்று. கணக்கு நேராக வேண்டும் என்பதற்காக, சிதைந்த ஒரு கோப்பின் பதிவையே அது நீக்கிவிடக்கூடும். பெயர் தொலைந்தவற்றை ‘லாஸ்ட்+ஃபவுண்ட்’ அடைவில் வெறும் எண்களோடு போட்டுவைக்கும். வட்டே செத்துக்கொண்டிருந்தால் அந்த ஓட்டம் அதை இன்னும் வேகமாகக் கொல்லும்.

ஆகவே முதலில் லைவ் யுஎஸ்பியில் லினக்ஸை எழுப்பி, ஸ்மார்ட்சிடிஎல் என்ற கருவி கொண்டு வட்டின் உடல்நிலையைப் பாருங்கள். ‘கரன்ட் பெண்டிங் செக்டர்’ (படிக்கத் தடுமாறும் செக்டர்கள்) என்ற வரியில் பூஜ்யத்துக்கு மேல் எண் இருந்தாலோ, கெர்னல் செய்திகளில் ‘ஐ/ஓ எரர்’ வரிசையாக வந்தாலோ பழுதுபார்ப்பை அங்கேயே நிறுத்துங்கள். டிடிரெஸ்க்யூ என்ற கருவி கொண்டு முழு வட்டையும் வேறொரு வட்டுக்குப் பிரதியெடுத்து, அந்தப் பிரதியின் மேல் வேலை செய்யுங்கள். வட்டு நலமாக இருந்தால், எஃப்எஸ்சிகேயை முதலில் ‘-என்’ என்ற விருப்பத்தோடு ஓட்டுங்கள். எதையும் மாற்றாமல் குறைகளை மட்டும் சொல்லும். பிறகுதான் பழுதுபார்ப்பு. மவுண்ட் ஆகி, பயன்பாட்டில் இருக்கும் பகுதியில் பழுதுபார்க்கும் ஓட்டம் கூடவே கூடாது. கணினி இயங்கும்போதே ரூட் பகுதியில் அதை ஓட்டி, நல்ல வட்டையும் சிதைப்பவர்கள் உண்டு.

“சூப்பர்பிளாக் போச்சுன்னா எல்லாம் போச்சு” என்பதும் தவறு. கோப்பு முறைமையின் அடிப்படை விவரங்களைக் கொண்ட சூப்பர்பிளாக்கின் நகல்களை எக்ஸ்ட்4 வட்டில் பல இடங்களில் வைத்திருக்கிறது. 4 கிலோபைட் பிளாக் உள்ள வழக்கமான அமைப்பில் முதல் நகல் 32768ஆம் பிளாக்கில் இருக்கும். அந்த எண்ணைக் கொடுத்தே எஃப்எஸ்சிகேயை ஓட்டலாம்.

சில சமயம் கோப்பு முறைமையில் குறையே இருக்காது. பூட் ஆகும்போது 90 நொடி காத்திருந்துவிட்டு ‘எமர்ஜென்சி மோட்’ வந்தால், பெரும்பாலும், இணைக்க வேண்டிய பகுதிகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதியிருக்கும் ஒரு பகுதி கிடைக்கவில்லை என்று பொருள். விண்டோஸிலிருந்து ஒரு பகுதியை ஃபார்மட் செய்தால் அதன் அடையாள எண்ணான யுயுஐடி மாறிவிடும். எப்போதும் செருகியிருந்த வெளி வட்டைக் கழற்றியிருந்தாலும் இதே கதைதான். வரியைத் திருத்தி, அவசியமற்ற வட்டுக்கு ‘நோஃபெயில்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால் போதும்.

நெய்வேலிக்கே உரிய நம்பிக்கை ஒன்றும் இருக்கிறது: நிலக்கரித் தூசி ஹார்டு டிஸ்க்குக்குள் போய்விட்டது என்பது. வட்டின் உறை நன்றாக மூடியது, காற்றுத் துளைக்கும் வடிகட்டி உண்டு. தூசி அடைப்பது மின்விசிறியையும் ஹீட் சிங்க்கையும்தான். அதனால் சூடேறும் மடிக்கணினி பட்டென அணையும். பழைய இலவச மடிக்கணினிகளில் பேட்டரியும் செத்திருக்கும்; அடாப்டர் ஒயர் லேசாக ஆடினாலே அதுவும் மின்வெட்டுதான். விசிறியைச் சுத்தம் செய்யாமல், பேட்டரியை மாற்றாமல், எத்தனை முறை எஃப்எஸ்சிகே ஓட்டினாலும் அதே திரை திரும்ப வரலாம்.

கடைக்கு எடுத்துப்போவதானால், அணைப்பதற்கு முன் திரையில் இருப்பதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். தரவைப் பிரதியெடுக்கும்வரை ஃபார்மட் செய்யக்கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.