பழைய டிராக்டர் எஞ்சின் விட்டுவிட்டு ஓடுவது ஏன்?

டிராக்டரின் எஞ்சின் பழுதுபட்டால் முதலில் இழப்பெய்துபவர் ஓட்டுநர் அல்லர். மரம் சீவும் தொழிலாளியே ஆவார். மங்கிலிருந்து வாளிக்கு வந்த பால் சில மணி நேரத்தில் தானே உறையத் தொடங்கிவிடும். அளவறிந்து அம்மோனியா சேர்த்தால் உறைதல் தள்ளிப்போகும். கோல சிலாங்கூர் வட்டாரத்துக் கடலோரக் களிமண் பாதைகளோ மழை பெய்தால் சக்கரத்தைப் பற்றிக்கொண்டு விடுவதில்லை. இழுவை குன்றிய டிராக்டர் அங்கே பால் தொட்டியோடு நின்றுவிட்டால் ஒரு நாள் உழைப்பு கட்டிப்பாலின் விலைக்கு இறங்கிவிடும். ஆகவே எஞ்சினைப் பற்றிய அறிவு பட்டறைக்காரருக்கு மட்டுமே உரியதன்று என்பது நம் கருத்து.

மாசி பெர்குசன் 135 என்னும் டிராக்டரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 1964ஆம் ஆண்டு முதல் இது செய்யப்பட்டது. தமிழ்நாட்டு உழவர்க்கும் இக்குடும்பம் புதிதன்று. சென்னையில் 1960இல் தொடங்கப்பட்ட டாபே நிறுவனம் மாசி பெர்குசன் டிராக்டர்களைச் செய்து விற்றது. 135இன் டீசல் வகையில் இருப்பது பெர்க்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சின். இதில் பெட்ரோல் எஞ்சினைப் போல் பிளக்கும் மின்பொறியும் இல்லை. சிலிண்டருக்குள் காற்று இறுகிச் சூடேறுகிறது. அதில் நுண்துளிகளாகத் தூவப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. எனவே தூய டீசல், செம்மையான தூவல், போதிய இறுக்கம் ஆகிய இவற்றுள் ஒன்று குறைந்தால் சிலிண்டர் அடிக்காது. பட்டறை வழக்கில் இதனையே 'மிஸ்ஸிங்' என்பர்.

எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றும்போது மூன்று சிலிண்டர்களும் முறைக்கு ஒரு தரம் அடிக்க வேண்டும். ஒன்று ஓய்ந்தால் 'தட், தட்' என்ற ஒலிக்குப் பின் ஒரு வெறுமை தோன்றும். டிராக்டர் குலுங்கும், புகைக்குழாயில் எரியாத டீசல் வெண்புகையாக வெளிவரும். அப்பொழுது ஸ்பானரை எடுக்குமுன் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும். ஓய்வது எப்பொழுதும் ஒரே சிலிண்டரா, அல்லது மாறி மாறியா? இதனை அறியாமல் கண்ட நட்டையெல்லாம் கழற்றுவோர் இல்லாத கோளாறையும் உண்டாக்கிவிடுவர்.

அறியும் வழி எளிது. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஓர் இன்ஜெக்டரின் தலையிலுள்ள குழாய் நட்டைத் துணியால் சுற்றிக்கொண்டு அரைச் சுற்றுத் தளர்த்துக. எஞ்சினின் ஒலி மாறித் தள்ளாடினால் அந்தச் சிலிண்டர் நன்றாகவே வேலை செய்கிறது. நட்டை இறுக்கிவிட்டு அடுத்ததற்குச் செல்க. எதனைத் தளர்த்தினாலும் ஒலி மாறவில்லையோ, அதுவே ஓய்ந்த சிலிண்டர். விசிறிக்கு அருகில் வேலை செய்வதால் தொங்கும் துண்டும் கைலியும் ஆகா.

ஓய்வு ஒரு சிலிண்டரில் நிலைக்காமல் மாறி மாறி வருமாயின் குற்றம் டீசல் வரும் வழியில் இருக்கிறது. பாலை வடிகட்டாமல் தொட்டியில் ஊற்ற நாம் ஒருப்படுவதில்லை. டீசலைமட்டும் துருப்பிடித்த பீப்பாயிலிருந்து அப்படியே ஊற்றுகிறோம்! பில்டரின் அடியிலுள்ள திருகைத் திறந்து சிறிது டீசலைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து அரைமணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். நீர் இருந்தால் அடியில் தனியே தங்கும். நம் நாட்டில் 2019 பிப்ரவரி முதல் வாகன டீசலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருள் கலக்கப்பட்டது. இக்கலவை வெறும் டீசலைவிட ஈரத்தை மிகுதியாக ஏற்கும். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் தோன்றியது, இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் பெற்றுள்ள பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமாரத்தில் அன்றோ! தொட்டியை மாலையிலேயே நிரப்பி வைத்தால் இரவுக் குளிரில் உள்ளே நீர் திரள இடமிராது.

நீரைவிடக் காற்று வஞ்சகமானது. தொட்டிக்கும் சிறு பம்புக்கும் இடையிலுள்ள இணைப்பு தளர்ந்தால் டீசல் வெளியே சொட்டாமலேகூட, காற்று உள்ளே உறிஞ்சப்படும். சிலர் சைக்கிள் டியூப்பைக் கிழித்து அவ்விடத்தில் கட்டுவர். நம் பால்மர ரப்பர் டீசல் பட்டால் ஊதி இளகிவிடும் என்பதனை ரப்பர்த் தொழிலாளராகிய நாமே மறக்கலாமா? குழாயையோ வளையத்தையோ புதிதாக மாற்றுவதே முறை. பின்னர்க் காற்றை வெளியேற்ற வேண்டும். முதலில் பில்டரின் திருகு, அடுத்துப் பெரிய பம்பிலுள்ள இரண்டு திருகுகள் என்ற முறையில் ஒவ்வொன்றாகத் தளர்த்தி, குமிழியற்ற டீசல் வரும்வரை சிறு பம்பின் நெம்புகோலை அசைத்துப் பின் இறுக்குக. நெம்புகோல் வெறுமையாக ஆடினால் எஞ்சினைச் சிறிது சுற்றிவிட்டால் அது பிடிக்கும். இறுதியில் இன்ஜெக்டர் நட்டுகளைத் தளர்த்தி எஞ்சினைச் சுற்ற வைத்தால் எஞ்சிய காற்றும் நீங்கும்.

ஓய்வது ஒரே சிலிண்டராயின், எஞ்சினை நிறுத்தி அதன் இன்ஜெக்டரை வேறொரு சிலிண்டரின் இன்ஜெக்டரோடு இடம் மாற்றிப் பார்க்கலாம். செம்பு வளையங்கள் மட்டும் புதியனவாக இருத்தல் வேண்டும். கோளாறும் உடன் இடம் பெயர்ந்தால் இன்ஜெக்டரே குற்றவாளி. பெயராவிடில் வால்வு இடைவெளியை அளக்க வேண்டும். இவ்வெஞ்சினுக்கு அது குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம், அதாவது 0.30 மில்லிமீட்டர். அதுவும் சரியெனில் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். அது பட்டறைக்குரிய வேலை.

கழற்றிய இன்ஜெக்டர் தூவுகிறதா என்று கையை நீட்டிப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. இது மிகக் கொடிய பழக்கம். அவ்வேகத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகும். புறத்தே ஊசிமுனையளவு புள்ளியும் சிறு வலியுமே தெரியும். சில மணி நேரத்தில் தசை அழுகத் தொடங்கிக் கையையே இழக்க நேரிடும். இவ்வாறு நேர்ந்தால் மருந்து தடவிக்கொண்டு இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் சென்று, அழுத்தத்தில் வந்த டீசல் தோலுக்குள் புகுந்தது என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.